ஆளுக்கு ஒரு நிமிஷம்

கடல் தாண்டி ஒரு நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அதை நிறுத்துவதற்கென்று வேலாங்குறிச்சியில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேர் என்பதுகூடக் கொஞ்சம் தாராளமாகச் சொல்வதுதான். தலைவர் தவசிலிங்கம் அண்ணாச்சி, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் அருளப்பனாகிய நான், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், நோட்டீஸ் ஓசியில் அடிக்கலாம் என்கிற ஒரே தகுதியில் செயலாளர் ஆனவன். பொருளாளர் சங்கிலி, கூட்டம் முடிந்ததும் கிடைக்கிற சுக்குக் காப்பிக்காக உலக அமைதியை விரும்புகிறவன். நாலாவது ஆள் வாராவாரம் மாறிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் போலீஸ் எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் பழைய பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்தின் வாசல், உள்ளே போய்விட்டு வருகிற யாராவது ஒருத்தர் என்ன கூட்டம் என்று பார்க்கச் சற்று நிற்பார், அவர் வேட்டியைச் சரிசெய்து முடிப்பதற்குள் சங்கிலி ஒரு தட்டியை அவர் கையில் திணித்துவிடுவான், நான் போட்டோ எடுத்துவிடுவேன். 'போரை நிறுத்து' என்று அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் போர் என்று தெரியாது.

எங்களை ஒட்டினாற்போல் பேச்சித்தாயின் பூக்கடை. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு ஈரச்சாக்கு, ஒரு கிழிந்த குடை. மாலைப் பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்புகிற செய்தி எப்போதும் 'இதில் பெண்கள் உட்பட ஏராளமானோர் கலந்துகொண்டனர்' என்றுதான் முடியும். அந்தப் பெண்கள் பேச்சித்தாய்தான். ஒருநாள் பூ மடிக்கக் கிழித்த பேப்பரில் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, நான் பாட்டுக்கு என் கடைல உக்காந்திருக்கேன், என்னையும் சேத்துட்டியளா? அதுவும் ஒருத்தியப் போயி பெண்கள்னு போட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

"நீ சண்டை போடுததப் பாத்தா ஒருத்தி மாதிரியா தாயி இருக்கு?" என்றேன். சிரித்துவிட்டு, அன்றைக்கு எங்கள் தட்டிக்கு ஒரு முழம் பூ சும்மா சுற்றிவிட்டாள்.

எங்கள் நாலு பேரிலும் சேராமல், அந்த யுத்தத்தோடு நிஜமாகவே சம்பந்தமுள்ள ஒரே ஆள் அவள்தான். அவள் மகள் முத்துச்செல்வி அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சண்டை மூண்டு நம் பக்கத்து மற்ற நர்ஸுகள் எல்லாம் விமானம் ஏறி ஊர் திரும்பியபோது, "வார்டுல ஆளே இல்லம்மா, நானும் வந்துட்டா இவங்கள யாரு பாப்பா" என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் ஆனால் போன் வரும். பேச்சித்தாய்க்கு இரண்டு கையிலும் பூ, பல்லுக்கிடையில் வாழைநார், போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மகள் சொல்கிறதுக்கெல்லாம் 'ம்', 'ம்' என்பாள். "நான் இங்க குண்டுக்கு நடுவுல இருந்து பேசுதேன், நீ வெறும் 'ம்'முனு சொல்லுதியே" என்று அந்தப் பிள்ளை கத்துவது எங்கள் மைக்குக்கே கேட்கும். அதற்கும் இவள் 'ம்' என்பாள்.

அப்புறம் ஒருநாள் அந்த நாட்டில் ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்தது. நாங்கள் அஞ்சலிக் கூட்டம் போட்டோம். தவசிலிங்கம் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். 'உயிரிழந்த அனைவருக்கும் ஒரு நிமிட மௌன அஞ்சலி' என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன், மனுஷன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார், ஆனால் உணர்ச்சியை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார், அந்த உணர்ச்சியில் காலம் பூராவும் பஸ்ஸில் டிக்கெட் போட்ட வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டு, "செத்துப்போன எல்லாத்துக்கும், இனிமே சாவுதவங்களுக்கும் சேத்து, ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒரு நிமிஷம், மௌன அஞ்சலி!" என்று சொல்லிவிட்டது. அவர் பஸ்ஸில் யாரும் டிக்கெட் இல்லாமல் போனதாகச் சரித்திரம் கிடையாது.

நாங்கள் தலையைக் குனிந்தோம். நிமிஷம் முடிந்தது, அண்ணாச்சி நிமிர்ந்து 'நன்றி' என்றார், உதடு மட்டும்தான் அசைந்தது. மைக்கைத் தட்டினார், தொண்டையைச் செருமினார், சங்கிலியை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கழிப்பிட வாசலில் இருந்து பூக்கடை வரைக்கும் சத்தம் என்பதே இல்லாமல் போயிருந்தது. இரண்டு எட்டு தள்ளிப் போனால் வழக்கம்போல் பஸ் உறுமியது, வேர்க்கடலைக்காரர் கத்தினார். ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, அம்பாசமுத்திரம் பஸ் வந்துவிட்டது, எல்லோரும் சீட்டுப் பிடிக்க ஓடினார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், அழுகிற கைக்குழந்தைகளைத் தாய்மார் அங்கே தூக்கிவந்து தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள், புருஷன் பெண்டாட்டிகள் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் சண்டை போட அங்கே வந்து, கையை நீட்டி நீட்டி, வாயைப் பிளந்து பிளந்து, என்ன திட்டினோம் என்று ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே சமாதானமாகி வீட்டுக்குப் போனார்கள். எங்கள் குழு இத்தனை வருஷத்தில் உண்டாக்கிய சமாதானம் அதுதான். என் வீட்டுக்காரி லூர்து ஒருநாள் வந்து நின்று, நான் பேசப் பேச ஒன்றும் கேட்காததைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சொன்னாள்: "உங்க வாய அடைக்க ஒரு யுத்தமே வேண்டியிருந்திருக்கு, பாருங்க."

ஆனால் அங்கே குண்டு விழுவது நிற்கவில்லை, இங்கே மௌனம் அகன்றுகொண்டே போனது. "செத்தவங்க நிக்கவும் எடம் வேணும்லா" என்றான் சங்கிலி, அவன் வாயில் இருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியது, கண்டக்டர்கள் ஊர் பேரை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். பஜாரை எடுத்துக்கொண்டது, கோயிலை எடுத்துக்கொண்டது, மாதா கோயிலையும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் நாயனக்காரர் கன்னம் உப்ப ஊதினார், தவில்காரர் வியர்க்க வியர்க்க அடித்தார், மாப்பிள்ளை எப்போது தாலி கட்டுவது என்று தெரியாமல் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தான். கட்சிக் கூட்டம் ஒன்றில் பேச்சாளர் ஒருவர் மணிக்கணக்காகப் பேசியதை ஜனங்கள் நிம்மதியாகக் கேட்டார்கள். ஆனால் மேலத்தெருவில் ஒரு சாவு விழுந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், ஒரு சத்தம் இல்லை, அழுது முடித்து ஊர் எல்லைக்கு வெளியே போய் உட்கார்ந்து இரண்டாம் தடவை அழுதுவிட்டு வந்தார்கள். "அழுதா அழுத மாதிரியே இல்ல" என்றார்கள்.

அதுவரைக்கும் எங்களைத் திரும்பிப் பார்க்காத ஊர் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றது. கவுன்சிலர் ராசகனி, ஊர் எல்லைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடிக்கு எங்களைக் கூட்டிப்போய், "என்னவே அருளப்பா, உம்ம யுத்தத்த எப்ப நிறுத்தப் போறீரு? கோயில் கொடை வருது, மேளம் அடிச்சாச் சாமிக்குக் கேக்க வேண்டாமா?" என்றார்.

"அது என் யுத்தம் இல்ல, கவுன்சிலரே."

"பின்ன யாரு யுத்தம்? ஊருக்குள்ள அதக் கொண்டுவந்தது நீங்கதானவே!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊர் மொத்தமும் ஊர்வலம் போனது. நகைக்கடைக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, கறிக்கடை, இதுநாள் வரை எங்களைக் கிறுக்குப் பயல்கள் என்றவர்கள் எல்லோரும் 'போரை நிறுத்து' என்று தட்டி பிடித்து, அந்த நாட்டு ராசாவுக்கோ மந்திரிக்கோ யாருக்கோ மனு அனுப்பினார்கள். தொடங்கிவைத்தவர் வாயிலிருந்து 'நன்றி' என்று சத்தமாய் வந்தால்தான் அஞ்சலி முடியும் என்று, தவசிலிங்கம் அண்ணாச்சியை அதைச் சொல்லவைக்கப் பலவிதமாய் முயன்றார்கள், ஏணி மேல் ஏற்றிப் பார்த்தார்கள், கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். நானோ, ஊர்வலத்துக்கு முன்னால் பெரிய எழுத்தில் என் பேர் போட்ட பிளெக்ஸைப் பார்த்து, யுத்தம் கெட்டதுதான், ஆனாலும் இந்த வாரமே நின்றுவிடாமல் இருந்தால் அடுத்த ஊர்வலத்துக்கு நல்ல போட்டோவாகக் கொடுக்கலாமே என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு சமாதானப் போராளி கிடைக்க உலகம் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

மௌனத்துக்குள் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தது பேச்சித்தாய்தான். நாள் பூராவும் அதற்குள்ளேயே உட்கார்ந்து பூக் கட்டுகிறவள். எல்லைக்கு வெளியே வந்தபோது சொன்னாள்: "அண்ணாச்சி, நிமிஷத்துக்கு ஒருக்க 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கு. நார் அறுந்தா அறுந்த சத்தம், காக்கா கத்துனா அதுல கால்வாசி. உடனே அடைச்சிருது."

தவசிலிங்கம் அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "ஒருத்தருக்கு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த ஆளுக்குக் கிழிக்கதுக்கு முந்தி ஒரு மூச்சு விடுவோம்லா, அதான் தாயி. ஒருத்தரு நிமிஷம் முடிஞ்சு அடுத்தவரு நிமிஷம் தொடங்குது."

அதன் பிறகு ஊர் அந்தச் சந்தில் பேசப் பழகியது. ஓர் எழுத்துக்குமேல் அதில் கொள்ளாது. 'வா', 'போ', 'தா', 'டீ' என்று ஒரே எழுத்தில் வியாபாரம் நடந்தது, லூர்து என்னைப் பார்த்து 'சீ' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷத்துக்குக் காத்திருந்தாள். அண்ணாச்சி சந்து பார்த்து 'நன்றி' சொல்ல முயன்று 'ந' வரைக்கும் வந்தார். ஆனால் பேச்சித்தாய் அந்தச் சந்தில் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு பூவை எடுத்து நாரில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, ஒரு பூவாவது வைக்கண்டாமா" என்று எல்லைக்கு வெளியே வந்தபோது சொன்னாள். அந்தச் சரத்தை அவள் விற்கவில்லை, பெஞ்சுக்கு அடியில் வாளித் தண்ணீரில் அது வளர்ந்துகொண்டே இருந்தது.

மௌனம் ஊர் முழுக்க நிறைந்து தெற்கு எல்லையில் இருக்கிற வளைவு வரைக்கும் போனது. அந்த வளைவில் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதியிருக்கும். நன்றி என்று எழுதியே இருக்கிறதே, அங்கே போனதும் முடிந்துவிடும் என்று கவுன்சிலர் அடித்துச் சொன்னார். அங்கே போனதும் பரவுவது நின்றது என்னவோ உண்மை, ஆனால் மௌனம் முடியவில்லை. அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் மகளிடம் பேச மௌனத்துக்கு வெளியே ஓடி ஓடி அலுத்துப்போயிருந்த பேச்சித்தாய் தன் பெஞ்சையும் குடையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வெளியே கடை போட்டாள். அங்கிருந்து கேட்டால் நிமிஷத்துக்கு ஒருதடவை ஊர் மொத்தமும் ஒரு சொட்டு சத்தமாய் வெளியே சிந்தும்: அரை ஹாரன், கால் மணியோசை, யாரோ ஒருத்தரின் 'டீ'. அவள் பூவை வைத்து முடிச்சுப் போடுவாள். சாயங்காலம் போன் வரும், 'ம்', 'ம்' என்பாள்.

ஒருநாள் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு, அவளிடம் காட்டலாமா வேண்டாமா என்று ஊர் பூராவும் சுற்றிவிட்டுக் கடைசியில் வளைவுக்குப் போனேன். என் கையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாசிங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமில்ல தாயி, எப்பவும் போடுததுதான்…"

"வாசிங்கன்னு சொல்லுதேன்லா."

வாசித்தேன். முத்துச்செல்வி இருக்கிற நகரத்தின் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்திருந்தது. "இதில் பெண்கள் உட்பட ஏராளமானோர்" என்று வந்ததும் என் நாக்கு அதற்குமேல் போகவில்லை. நான் வாராவாரம் எழுதி அனுப்புகிற அதே வரி. அடுத்து வருகிற ஒரு வார்த்தைதான் வேறு.

வளைவுக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு 'டக்' வந்தது, பேச்சித்தாய் பூவை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்: "என்னையும் அப்படித்தான போடுவிய. நான் ஒருத்திதான் அந்தப் பெண்கள். இதுல என் பிள்ளை இருக்காளா அண்ணாச்சி, அந்த உட்படக்குள்ள?"

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. மேடை கிடைத்தால் விடாமல் பேசுகிறவன், உலகத்தின் எந்த மூலையில் எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்கிறவன், அந்தப் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

"இத்தன நாளும் ஊரான் பிள்ளைக்குன்னு கட்டுனேன்" என்றாள், வாளியைப் பார்த்துக்கொண்டு. "இப்ப பூவத் தொடவே பயமா இருக்கு. எந்த முடிச்சு அவ முடிச்சுன்னு எனக்குத் தெரியாதே."

அன்றிலிருந்து என் கடையைப் பூட்டிவிட்டேன், நாங்கள் மூன்று பேரும் அவளோடு அங்கேயே கிடந்தோம். அண்ணாச்சி வளைவில் சாய்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்: "சாவுதவங்களுக்கும் சேத்துன்னு நான் ஏன் சொன்னேன், எனக்கு எதுக்கு அந்த வேலை." சங்கிலி சுக்குக் காப்பி வாங்கிவந்து எல்லோருக்கும் ஊற்றினான், தான் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பருக்கும் தூதரகத்துக்கும் நான் அடித்துக்கொண்டே இருந்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னது.

ஒரு சாயங்காலம், அண்ணாச்சியும் சங்கிலியும் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் பேச்சித்தாய்க்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் ஆயிருக்காது தாயி, டவர் கிடைக்காம இருக்கும், அவ தைரியசாலி, நாளைக்கே பாரு" என்று சொல்லிக்கொண்டு இருந்தவன், என் குரலே எனக்குக் கேட்காமல் திகைத்தேன். ரோட்டில் போன லாரியின் சத்தம் பாதியில் அறுந்தது. மௌனம் வளைவைத் தாண்டி எங்களை மூடிவிட்டு, வயலுக்கு மேல் கொக்குகள் எழும்பிப் பறக்கப் பறக்க மேலும் போய்க்கொண்டிருந்தது. அங்கே இன்னும் நிறையப் பேருக்கு நிற்க இடம் வேண்டியிருந்தது என்று புரிந்தது.

அப்போதுதான் பெஞ்சின் மேல் கிடந்த போனில் வெளிச்சம் வந்தது.

பேச்சித்தாய் பாய்ந்து எடுத்துப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தெற்கே இழுத்தேன், ஓடு தாயி, வெளியே ஓடு என்று வாயைப் பிளந்தேன். அவள் கையை உதறினாள். மௌனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, போனில் ஒரே ஒரு கோடுதான் சிக்னல், நகர்ந்தால் அதுவும் போய்விடலாம். அவள் அசையாமல் நின்றாள். போனில் விநாடிகள் ஓடுவது மட்டும் எனக்குத் தெரிந்தது, அந்தப்பக்கம் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், முத்துச்செல்வியா, அவள் போனை இடிபாட்டில் கண்டெடுத்த வேறு யாராவதா, செய்தி சொல்ல அடித்த டாக்டரா, ஒன்றும் தெரியாது. சந்து வரும் வரைக்கும் இந்த லைன் நிற்க வேண்டுமே மாதாவே என்று வேண்டினேன். இத்தனை வருஷம் மௌன அஞ்சலியில் தலை குனிந்து நின்றபோதெல்லாம் போட்டோவில் என் வழுக்கை விழுமோ என்றே கவலைப்பட்டவன், அன்றைக்குத்தான் ஒரு நிமிஷம் ஒழுங்காக நின்றேன்.

சந்து திறந்தது.

"ம்மா."

அவ்வளவுதான். முன்னால் ஓர் 'அ' இருந்திருக்கும், அது மௌனத்துக்குள் போய்விட்டது. ஆனால் பேச்சித்தாய்க்கு அது போதும். அவள் முகம் கோணியது, கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், நானும் சத்தமில்லாமல் கோவென்று அழுதேன். அடுத்த நிமிஷம் தொடங்கிவிட்டது. அவள் பதில் சொல்ல இனி இது முடிய வேண்டும், அதுவரைக்கும் அங்கே அந்தப் பிள்ளையும் போனை வைக்காமல் இருக்க வேண்டும். பேச்சித்தாய் கண்ணைத் துடைக்கவில்லை, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறப் படியில் கால் வைத்தவள் மாதிரித் தயாராய் நின்றாள். விநாடிகள் ஓடின. ஓடின. லைன் அறுபடவில்லை.

சந்து திறந்தது.

"ம்" என்றாள்.

போனில் வெளிச்சம் அணைந்தது. பேச்சித்தாய் போனை மடியில் முடிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மகளின் சத்தத்துக்கும் அவள் சத்தத்துக்கும் நடுவில் கிடந்த அந்த ஒரு நிமிஷம் யாருடையதோ. அவள் வாளிக்குள் கையை விட்டுச் சரத்தின் நுனியைத் தேடி எடுத்து, என் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு பூ வைத்து முடிச்சுப் போட்டாள்.